உள்ளே ஒரு மாஸ்டர்

பழைய கார்களுக்கு உள்வேலை செய்யும் அந்தக் கடையில் ஒரு மாஸ்டர் இருந்தார். வயது அறுபதுக்கு மேல். மூக்கு நுனியில் கோபம். வலது முழங்காலில் வலி. யாரையும் பார்க்க மாட்டார். யாராவது எட்டிப் பார்த்துவிட்டால் வேலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போய்விடுவார். ஆனால் கை தங்கம். கடைக்கு வண்டி கொண்டுவருகிறவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். போன வருஷத்திலிருந்து அவருக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடியிருப்பதுகூடத் தெரியும். அவர்களுக்குத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான். அப்படி ஒரு ஆளே கிடையாது.

இருந்தது சின்னவள். கடைக்காரரின் மனைவிக்குத் தங்கை. வயது நாற்பத்து நான்கு ஆன பிறகும் வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். கட்டியவன் வெளிநாடு போய், முதல் வருஷம் கடிதம் போட்டு, இரண்டாம் வருஷம் கம்பி நீட்டிவிட்டான். பத்து நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று ஒரு பையோடு அக்கா வீட்டுக்கு வந்தாள். அந்தப் பத்து நாள்தான் பத்தொன்பது வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

அவள் வந்த வாரம் பார்த்து, கடையில் வேலை செய்துகொண்டிருந்த ஆள் அத்தானோடு முறைத்துக்கொண்டு பாதியில் போய்விட்டான். ஒரு காரின் கதவுப் பலகைகள் நான்கும் எலும்பும் தோலுமாகக் கிடந்தன. வண்டிக்காரர் தினம் வந்து உட்கார்ந்துகொண்டார். அத்தானுக்கு விழி பிதுங்கியது. சின்னவளுக்கு ஜாக்கெட் தைக்கத் தெரியும், திரைச்சீலை தைக்கத் தெரியும். கழற்றிப்போட்ட பழைய பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஓரத்தைப் பிரித்துப் பார்த்தாள். பிறகு நான்கையும் அவளே முடித்துக் கொடுத்துவிட்டாள். வண்டிக்காரர் வாயைப் பிளந்துகொண்டு, யார் செய்தது என்று கேட்டார். மச்சினிச்சி செய்தாள் என்று சொல்ல அத்தானுக்கு நா எழவில்லை. சொன்னால் நம்ப மாட்டார், நம்பினாலும் குறை கண்டுபிடிப்பார் என்று தோன்றியது. “உள்ள ஒரு மாஸ்டர் இருக்காரு” என்று அடித்துவிட்டார். அன்றைக்குப் பிறந்தவர்தான் மாஸ்டர்.

அதன் பிறகு மாஸ்டர் தன்பாட்டுக்கு வளர்ந்தார். அவரைப் பார்க்கவேண்டும் என்று ஒருத்தர் கேட்டபோது அவருக்குக் கோபம் வந்தது. வண்டிக்கே வந்து அளவெடுக்கச் சொன்னபோது முழங்கால் வலி வந்தது. அத்தான் கதை அளப்பதில் கெட்டிக்காரர். இதில் கெட்ட எண்ணம் எதுவும் அவருக்கு இல்லை. சாப்பிடும்போது அன்றைக்கு மாஸ்டர் என்னென்ன செய்தார் என்று சொல்லிச் சிரிப்பார். அக்காவும் சிரிப்பாள். சின்னவளும் பல வருஷம் சேர்ந்துதான் சிரித்தாள். எந்த வருஷம் நிறுத்தினாள் என்று யாரும் கவனிக்கவில்லை.

கடையின் பின்னறைதான் அவள் இடம். நடந்தால் நீளத்தில் ஏழு எட்டு வைக்கலாம், அகலத்தில் ஐந்து. ஒரு ஜன்னல் உண்டு. திறந்தால் கை நீட்டும் தூரத்தில் அடுத்த கட்டடத்தின் சுவர். பகலெல்லாம் டியூப்லைட் எரியும். ஒட்டுகிற சொல்யூஷன் வாடை அவள் தலைமுடி வரை ஏறியிருந்தது. முன்கடைக்கும் அந்த அறைக்கும் நடுவில் ஒரு பழுப்பு ரெக்சின் திரை. அதன் அடிவழியாகப் பழைய பலகைகள் உள்ளே வரும், புதுப் பலகைகள் வெளியே போகும். வண்டிகள் நிற்பது முன்புறக் கொட்டகையில். அது சுவருக்கு அந்தப் பக்கம், கடை மூடினால் பூட்டிவிடுவார்கள். கடை நேரத்தில் சின்னவள் திரையைத் தாண்டக்கூடாது. மாஸ்டர் இருக்கிற அறையிலிருந்து ஒரு பெண்பிள்ளை வந்தால் ஆயிரம் கேள்வி வரும் இல்லையா? மாடி வீட்டுக்குப் போகவரப் பின்பக்கப் படி இருந்தது.

கதவின் உள்பக்கத்தை மூடுகிற அந்தப் பலகைக்குக் கடைப் பேச்சில் டோர் பேட் என்று பெயர். ஹார்ட்போர்டை வடிவாக வெட்டி, ஓரத்தைத் தேய்த்து, கதவோடு பிடிக்கிற கிளிப் மாட்டத் துளை போட்டு, மேலே மெல்லிய ஃபோம் ஒட்டி, தோலை வரிவரியாகத் தைத்துப் போர்த்தவேண்டும். போர்த்துவதில்தான் விஷயம் இருக்கிறது. கொஞ்சம் தளர்ந்தால் அடுத்த வெயிலில் சுருங்கும். கொஞ்சம் கூட இழுத்தால் பலகையே வளைந்துகொள்ளும். சின்னவளின் கைக்கு அந்த இழுவை தெரியும். மூலை திரும்புகிற இடத்தில் மட்டும் ஒரு குட்டித் தையல் போடுவாள், மற்றவற்றில் பாதி நீளம். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அப்படிப் போட்டால்தான் மூலை மூலையாக இருக்கும் என்று அவளாகக் கண்டுகொண்டது.

எத்தனையோ கார்களின் உள்பக்கத்தை அவள் தொட்டிருக்கிறாள். ஒன்றிலும் உட்கார்ந்ததில்லை. கேட்டால் சிரிப்பீர்கள். இவள் கைப்பட்ட முழு வண்டி ஒன்றைக்கூட இவள் பார்த்தது கிடையாது.

போய்விடலாம் என்று நினைக்காமல் இல்லை. பஸ் சீட் தைக்கிற ஒரு பெரிய பட்டறையில் பெண்களையும் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும், எழுதிப்போட்டாள், வரச்சொல்லிப் பதிலும் வந்துவிட்டது. வீட்டில் சொன்னாள். அக்கா இரண்டு நாள் அழுதாள். அத்தான் மூன்றாம் நாள் ஆட்களை வைத்துத் தூக்கிவந்து, கனத்த தோல் தைக்கிற புது மெஷின் ஒன்றை அவள் அறையில் இறக்கினார். இனிமேல் உனக்குக் கை வலிக்காது என்றார். சண்டை போட்டிருந்தால் கிளம்பியிருப்பாள். மெஷினைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, வேர்வையைத் துடைத்தபடி சிரிக்கிற மனிதரிடம் என்ன சொல்லிவிட்டுக் கிளம்புவது? பட்டறைக் கடிதத்தை மெஷின் டிராயரில் போட்டாள். அது இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

அதற்குப் பிறகு அவளுக்கு ஆசை என்று மிஞ்சியது ஒன்றுதான். இந்தக் கை யாருடையது என்று ஒரே ஒரு ஆளுக்காவது தெரியவேண்டும். செத்தால்கூட அதற்குப் பிறகு சாகலாம் என்று இருந்தது அவளுக்கு.

அப்படித் தெரிந்துகொள்ள ஆசைப்பட்ட ஆள் ஒருவர் திரைக்கு அந்தப் பக்கம் இருந்தார். கண் டாக்டர். ஓய்வு பெற்றவர், பழைய கார் பைத்தியம். சட்டைப் பையில் இன்னமும் ஒரு சின்ன டார்ச் வைத்திருப்பார், கண்ணுக்குள் அடித்துப் பார்க்கிற டார்ச். அதை வைத்துக்கொண்டு தையலை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். “இந்த மூலையில ஒரு குட்டித் தையல் போடுறாரே, ஏன்?” என்று முதல் தடவை அவர் கேட்டது திரை வழியே கேட்டபோது, சின்னவளுக்கு ஊசி விரலில் ஏறிவிட்டது. பத்தொன்பது வருஷத்தில் அதைக் கண்டுபிடித்த ஒரே மனிதர். அது ஒரு ஸ்டைல் சார் என்று அத்தான் பூசி மெழுகினார்.

ஒருநாள் அவர் போகும்போது ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். இந்த வயதில் மாஸ்டருக்குக் கிட்டத்தில் பார்வை மங்கியிருக்கும், இவ்வளவு பொடி வேலை செய்கிறவர் கண்ணைக் கெடுத்துக்கொள்ளக்கூடாது, இதைப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள் என்றார். உள்ளே ஒரு கண்ணாடி. கறுப்புச் சட்டம், ஆம்பளைக் கண்ணாடி. வலது காதுப் பக்கத்தில் சின்னதாக ஒரு சிவப்புப் புள்ளி, அவர் மருத்துவமனை அடையாளம். அத்தான் அதைச் சிரித்துக்கொண்டே திரைக்குள் நீட்டினார். சின்னவளும் விளையாட்டாகத்தான் போட்டுப் பார்த்தாள். ஊசிக் காது பளிச்சென்று தெரிந்தது. தனக்குக் கண் மங்கிக்கொண்டு வந்திருப்பதே அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. இத்தனை பேர் இருக்கிற வீட்டில் அதைக் கவனித்தது, அவளை ஒருமுறைகூடப் பார்க்காத ஒரு மனிதர். அன்றைக்கு அவள் மெஷினை ஓடவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் அழுதாள்.

ஆறு வருஷம் அந்தக் கண்ணாடியோடுதான் தைத்தாள். பிறகு டாக்டர் அந்தப் பச்சைக் காரைக் கொண்டுவந்தார்.

இரண்டு கதவுள்ள சின்னக் கார். அவருடைய அப்பா வெளிநாட்டிலிருந்து கப்பலில் கொண்டுவந்தது. உள்பலகைகள் மழையில் ஊறி உதிர்ந்துபோயிருந்தன. மாதிரிக்குக்கூட ஒன்று மிஞ்சவில்லை. டாக்டர் அந்தக் காலத்துத் தோல் ஒரு துண்டு தேடிப் பிடித்துக் கொடுத்திருந்தார். இரண்டு கதவுக்குச் சரியாகப் போதும், ஒரு விரல் அகலம்கூட மிஞ்சாது. அத்தான் கதவின் வடிவத்தைக் காகிதத்தில் வரைந்து, கூடவே ஒரு சீட்டும் எழுதித் திரைக்கு அடியில் தள்ளினார். டிரைவர் பக்கம் பை. அடுத்த பக்கம் பிடிக்கிற வார். அவ்வளவுதான் சீட்டு.

இத்தனை வருஷமாக அவர்களுக்குள் இருந்த பாஷை அதுதான். இடம், வலம் என்று சொன்னால் குழப்பம் வரும். வண்டிக்கு உள்ளே உட்கார்ந்து பார்த்தால் ஒன்று, எதிரே நின்று பார்த்தால் வேறு. டிரைவர் பக்கம் என்றால் சண்டையே கிடையாது. இங்கே ஓடுகிற வண்டிக்கெல்லாம் ஸ்டீயரிங் வலப்பக்கம்தானே. சின்னவள் வலது கதவுக்குக் காகிதம் வைக்கிற பை தைத்தாள், இடது கதவுக்குப் பிடித்து இழுக்கத் தோல் வார் தைத்தாள். பையின் வாய்க்குக் கையாலேயே ஓரம் கட்டினாள். அவள் செய்ததிலேயே நல்ல வேலை அதுதான்.

டாக்டரின் காருக்கு ஸ்டீயரிங் இடப்பக்கம். பார்த்தவர்கள் யாருக்கும் அதைச் சொல்லத் தோன்றவில்லை, பார்க்காதவளுக்குத் தெரிய வழியில்லை. பலகைகளை வண்டியில் மாட்டின அத்தானுக்குக்கூட உறைக்கவில்லை, வேறொரு வண்டிக்காரரோடு ஃபோனில் பேசிக்கொண்டேதான் மாட்டினார். டாக்டர் ஏறி உட்கார்ந்து, இடது கையை இறக்கிப் பையைத் தேடியபோதுதான் வார் கையில் தட்டுப்பட்டது.

துணியாக இருந்தால் பிரித்து மாற்றிவிடலாம். தோலில் ஒருமுறை விழுந்த ஊசித்துளை விழுந்ததுதான், மூடாது. ஒரு கதவின் பலகை அடுத்த கதவுக்குப் பொருந்தவும் பொருந்தாது. டாக்டர் கத்தவில்லை. மாஸ்டரை ஒரே ஒரு தடவை பார்க்கவேண்டும், இதை என்ன செய்யலாம் என்று அவர் வாயாலேயே கேட்கவேண்டும் என்றார். வேறு யாரிடமும் பேசமாட்டேன் என்று நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அத்தானுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. மாஸ்டர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்றார். எந்த ஆஸ்பத்திரி, எனக்கு எல்லா இடத்திலும் ஆள் இருக்கிறது, நான் போய்ப் பார்க்கிறேன் என்றார் டாக்டர். அத்தான் ஒரு வாரம் இழுத்தடித்தார். அடுத்த தடவை டாக்டர் வந்தபோது, திரைக்கு இந்தப் பக்கம் ஊசியோடு உட்கார்ந்திருந்த சின்னவளின் காதிலேயே விழுந்தது:

“மாஸ்டர் தவறிட்டாரு, டாக்டர்.”

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. டாக்டர் போய்விட்டாரோ என்று நினைத்தாள். பிறகு அவர் குரல் வந்தது. “அந்தப் பை அங்கயே இருக்கட்டும். மாத்த வேண்டாம். அந்தக் கையை ஒரு தடவை பிடிச்சுப் பாக்கணும்னு நினைச்சிருந்தேன்.” குடும்பத்தில் யாராவது இருக்கிறார்களா, ஏதாவது செய்யவேண்டுமா என்று கேட்டார். யாரும் இல்லை என்றார் அத்தான்.

சின்னவள் தன் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தனக்காக ஒரு மனிதர் வெளியே துக்கப்படுகிறார், நான் இங்கேதான் இருக்கிறேன் என்று சொல்ல வழியில்லை. எழுந்து நான்கு எட்டு வைத்தால் திரை. வைக்கவில்லை. அத்தானின் முகம் எப்படி ஆகும் என்று நினைத்தாள், அக்கா என்ன சொல்வாள் என்று நினைத்தாள், கால் தானாக மடங்கிவிட்டது. அப்படி மடங்குகிற காலைத்தான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டில் அத்தான் சிரிக்க முயன்று பார்த்தார், அக்காகூடச் சேர்ந்துகொள்ளவில்லை. மறுநாள் காலையில் திரையை விலக்கிக்கொண்டு வந்து, முக்காலியில் உட்கார்ந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்:

“சின்னவளே, புது மாஸ்டர் வந்திருக்காருன்னு சொல்லிக்கலாம், அது பிரச்சனை இல்ல. ஆனா நீ தையல கொஞ்சம் மாத்திக்கணும். அந்தக் குட்டித் தையல் வேண்டாம். டாக்டர் மாதிரி ஆளுங்க கண்டுபிடிச்சிருவாங்க.”

வீட்டைவிட்டுப் போ என்று சொல்லியிருந்தால்கூட அவளுக்கு அப்படிச் சுட்டிருக்காது. சரி என்றாள். வேறு எதைச் சொல்லி அவளுக்குப் பழக்கம்?

நான்கு நாள் முயன்றாள். வேறொருத்தன் மாதிரித் தைப்பது எப்படி? தையலை நீட்டிப் பார்த்தாள். நூலைத் தடிப்பாக்கிப் பார்த்தாள். வரி நேராகப் போகும்வரை எல்லாம் சரியாக இருக்கும். மூலை வந்ததும் கை தானாகக் குறுகி, அந்தக் குட்டித் தையலைப் போட்டுவிட்டு நிற்கும். பிரித்தாள். மறுபடி தைத்தாள். மறுபடி அதுவே வந்தது. நான்காம் நாள் துண்டுத் தோலெல்லாம் துளையாகக் கிடந்தது. அவளுக்குக் கோபம் வந்தது. அத்தான்மேல் இல்லை, அக்காமேல் இல்லை. பத்தொன்பது வருஷமாக இல்லாத ஒருத்தனுக்குக் கையை வாடகைக்கு விட்டவள்மேல் வந்தது.

ஐந்தாம் நாள் காலை பதினோரு மணி இருக்கும். டாக்டரின் குரல் கேட்டது. வலது கதவில் ஒரு கிளிப் விட்டுப்போய்ப் பலகை கடகடவென்று ஆடுகிறதாம். வண்டியைக் கொட்டகைக்கே விடவில்லை, கடை வாசலிலேயே நிறுத்தியிருந்தார். பலகையைக் கழற்றி உள்ளே அனுப்பக்கூடாது, புது ஆள் அந்தத் தையலைத் தொடக்கூடாது, என் கண்ணெதிரே மாட்டிக் கொடுங்கள் என்றார். அதற்கென்ன என்று அத்தான் இறங்கினார்.

சின்னவளுக்கு எதுவும் தெரியவில்லை, சத்தம்தான் கேட்டது. டப். டப். அத்தான் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கிளிப்பைத் தட்டக்கூடாது. துளைக்கு நேராக நிறுத்திக் கட்டைவிரலால் அமுக்கவேண்டும். தட்டினால் ஹார்ட்போர்டு பின்னால் பிளக்கும். பிளந்தால் தோல் தளரும், பையின் வாய் கோணும். டப். இந்தத் தடவை சத்தத்தில் ஒரு கரகரப்பு இருந்தது. பலகை பிளக்க ஆரம்பிக்கிற சத்தம். இந்தத் தடவை கால் மடங்கவில்லை.

“தட்டாதீங்க அத்தான். பிளந்துரும்.”

சொன்ன பிறகுதான் தான் வாசலில் நிற்பது அவளுக்குத் தெரிந்தது. திரை பின்னால் ஆடிக்கொண்டிருந்தது. வெளியே வெளிச்சத்தில் கண் கூசியது. கார் அவள் நினைத்திருந்ததைவிடக் குட்டியாக இருந்தது. ஸ்டீயரிங் அந்தப் பக்கம் இருந்தது. அட, இதுதானா என்று பார்த்தாள். அத்தான் சுத்தியலோடு அவளையே பார்த்தார். அவரைத் தாண்டிப் போய், வலப்பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து, கதவை மடிப்பக்கம் இழுத்துக்கொண்டாள். அவள் தைத்த பை அவள் கைக்கு நேராக இருந்தது. ஓரத்தில் கட்டைவிரலை வைத்து, துளையைத் தேடி, அமுக்கினாள். டக் என்று உட்கார்ந்தது.

டாக்டர் கிளிப்பைப் பார்க்கவில்லை. அவள் காதுப் பக்கம் இருந்த சிவப்புப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தக் கண்ணாடி...” என்றார்.

“நம்ம வீட்டுப் பொண்ணுதான் டாக்டர்” என்று அத்தான் முந்திக்கொண்டார். “மாஸ்டர் இவகிட்ட ரொம்பப் பாசமா இருப்பாரு. அவர் ஞாபகமா வச்சிருக்கா.”

நல்ல பொய்தான். சட்டென்று எவ்வளவு பொருத்தமாகச் சொல்லிவிட்டார். தலையை ஆட்டினால் போதும். எழுந்து உள்ளே போய்விடலாம், எல்லோரும் பிழைத்துக்கொள்வார்கள். சின்னவள் பையின் மூலையைத் தடவினாள். குட்டித் தையல் விரலில் பட்டது.

“ஞாபகத்துக்கு இல்ல, டாக்டர்” என்றாள். “நீங்க குடுத்த நாள்லேர்ந்து நான்தான் போட்டிருக்கேன். டிரைவர் பக்கம்னா வலது பக்கம்னு நினைச்சு, பையை இங்க வச்சதும் நான்தான். தப்பு என்னோடது. வண்டிய நான் பாத்ததில்ல.”

அத்தான் சுத்தியலை மெதுவாகத் தரையில் வைத்தார். சின்னவளுக்கு இன்னும் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. இவ்வளவு நாள் யாரிடமும் சொல்ல முடியாமல் இருந்தது.

“கண்ணாடி பவர் இப்பப் பத்தல டாக்டர். ஊசிக் காது ரெண்டாத் தெரியுது.”

டாக்டர் பையின் மூலையைப் பார்த்தார். அதன்மேல் இருந்த அவள் விரலைப் பார்த்தார். பிறகு குனிந்து, சட்டைப் பையிலிருந்து டார்ச்சை எடுத்தார்.

“மேல பாருங்க, மாஸ்டர்” என்றார்.